கிண்ணத்து நீரும் குடாக்கடல் நீரும்: டாரட் சீட்டுகளில் தண்ணீர் எதைச் சொல்கிறது?

மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலைக் கரையோரக் கைத்தொலைபேசிகளில் இரண்டு விதமான எச்சரிக்கைகள் வந்து விழும். ஒன்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தல். காற்றின் வேகம், அலையின் உயரம், எந்தக் கரையிலிருந்து எந்தக் கரை வரை என்று சொல்லும். மற்றது டாரட் சீட்டில் குறி பார்ப்பவர்களின் காணொளி: "இந்தக் கிழமை உங்களுக்குக் கிண்ணச் சீட்டு வந்திருக்கு, நிலவுச் சீட்டும் வந்திருக்கு, தண்ணீர் விசயத்தில கவனம்."

கடலை நம்பிப் பிழைக்கும் வீட்டில் இரண்டாவது வாசகம் சும்மா காதில் விழுந்து போவதில்லை. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி, போயா விடுமுறை நாள். நிலவு, தண்ணீர், கவனம் என்ற மூன்று சொல்லும் ஒன்றாகக் கேட்டால் இங்கே பலருக்கு அந்தக் காலைதான் கண்முன் வரும். ஆகவே கேள்வி நியாயமானது. அந்தச் சீட்டில் வரைந்திருக்கும் தண்ணீர் எந்தத் தண்ணீர்? அதற்கு அர்த்தம் வைத்தது யார், எப்போது?

முதலில் அது சீட்டாட்டம்

டாரட் (சிலர் டாரோ என்பார்கள்) 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட கடதாசிக் கட்டு. மொத்தம் 78 சீட்டு. அதில் 56 சீட்டு நான்கு இனங்களாகப் பிரியும்: கிண்ணம், நாணயம், வாள், கோல். மீதி 22 சீட்டும் படச் சீட்டுகள், அவற்றில் 21 துருப்பு, ஒன்று முட்டாள் சீட்டு. 304 விளையாடுபவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது சுலபம். 304இல் இருக்கிற நான்கு இனத்தில் ஒன்றை அந்த ஆட்டத்துக்குத் துருப்பாக்குகிறோம். டாரட்டில் துருப்புக்கென்றே தனியாக 21 சீட்டு எப்போதும் உண்டு. பிற்காலத்தில் குறி பார்ப்பவர்கள் அந்த 22 படச் சீட்டையும் மேஜர் ஆர்க்கானா என்றும், 56ஐ மைனர் ஆர்க்கானா என்றும் அழைத்தார்கள். ஆர்க்கானா என்ற இலத்தீன் சொல்லுக்கு இரகசியங்கள் என்று பொருள். விளையாடியவர்களுக்கு அதில் ஒரு இரகசியமும் இருக்கவில்லை, கையில் இருக்கும் சீட்டை எதிராளிக்குக் காட்டாததைத் தவிர.

கிண்ண இனம் இத்தாலியருக்கும் முந்தியது. எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் கடதாசிக் கட்டிலேயே கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என்ற நான்கும் உண்டு. அவ்வகைச் சீட்டு 1370களில் ஐரோப்பாவுக்குப் பரவியது. அந்தக் கிண்ணங்களுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. நம் கட்டில் ஆட்டின் என்று சொல்லும் சிவப்பு இதயம் ஓர் இனத்தின் அடையாளமாக இருப்பதுபோல, அதுவும் வெறும் அடையாளம்.

1781இல் கூர் த ஜெபலன் என்ற பிரெஞ்சு அறிஞர், டாரட் பண்டைய எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியை ஷாம்போலியோன் கண்டறிந்து அறிவித்தது 1822இல். அதாவது எகிப்திய எழுத்தில் ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாத காலத்தில் சொல்லப்பட்ட கதை அது. ஆனால் கதை நின்றுவிட்டது. அதே பத்தாண்டில் எத்தெய்யா என்பவர் டாரட்டைக் குறி பார்க்கும் தொழிலாக்கிப் புத்தகமும் போட்டார்.

அட்டவணையில் ஒரு நீர், படத்தில் இன்னொரு நீர்

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. டாரட்டில் "நீர்" என்று சொல்லும்போது அட்டவணை (பூதம், ராசி என்று அதுவே இரண்டு), படம் என்ற இரண்டு வேறு விசயங்கள் ஒரே சொல்லுக்குள் புகுந்துவிடுகின்றன.

1. பூத அட்டவணை. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் எலிஃபாஸ் லேவி என்ற மறைஞான எழுத்தாளர், பின்னர் 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டோன் என்ற மறைஞானச் சங்கம், சீட்டுகளைப் பூதங்களோடும் ராசிகளோடும் பொருத்தின. இன்று பெரும்பாலானோர் கைக்கொள்வது அந்தச் சங்கத்தின் அட்டவணை: கோலுக்கு நெருப்பு, கிண்ணத்துக்கு நீர், வாளுக்குக் காற்று, நாணயத்துக்கு நிலம். ஐரோப்பியரின் பழைய கணக்கில் பூதம் நான்குதான், நான்கு இனத்துக்கு நான்கு பூதம் என்று அழகாகப் பொருந்தியது. ஐந்தாவதான ஆகாயத்தோடு வளர்ந்த நமக்கு அது குறையாகத் தெரியலாம்.

2. ராசி அட்டவணை. கடகம், விருச்சிகம், மீனம் மூன்றும் நீர் ராசிகள் என்பது நம் சோதிடத்திலும் உண்டு, அவர்களுடையதிலும் உண்டு. கோல்டன் டோன் கடகத்தைத் தேர் சீட்டுக்கும், விருச்சிகத்தை மரணச் சீட்டுக்கும், மீனத்தை நிலவுச் சீட்டுக்கும் கொடுத்தது. நீர் என்ற பூதத்தையே நேரடியாகப் பெற்ற சீட்டு, தலைகீழாகத் தொங்கும் மனிதன்.

3. படம். இன்று கடைகளிலும் காணொளிகளிலும் அதிகம் காணும் கட்டு 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்டது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டுடையது. வரைந்தவர் பமிலா கோல்மன் ஸ்மித். இருவரும் கோல்டன் டோன் வழி வந்தவர்கள்.

இப்போது அந்தத் தொங்கும் மனிதன் சீட்டை எடுத்துப் பாருங்கள். மரம் இருக்கிறது, கயிறு இருக்கிறது, தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அட்டவணைப்படி முழு நீர்ச் சீட்டு, படத்தில் வறட்சி. மறுபக்கம், வாள் இனம் காற்று என்கிறது அட்டவணை. ஆனால் வாள் இரண்டில் கண்ணைக் கட்டிய பெண்ணுக்குப் பின்னால் கடல் கிடக்கிறது, வாள் ஆறு என்ற சீட்டு முழுக்க ஒரு படகோட்டம். "உங்களுக்கு நீர்ச் சீட்டு வந்திருக்கு" என்று ஒருவர் சொன்னால், அட்டவணை நீரா, படத்தில் இருக்கும் நீரா என்று கேட்பதில் தவறில்லை. அநேகர் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

தண்ணீரை வரைந்த கை

ஸ்மித்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் பேசும் தண்ணீரில் பெரும்பகுதி அவர் ஊற்றியது.

அவருக்கு முன் புழக்கத்தில் இருந்த கட்டுகளில் எண் சீட்டுகளுக்குக் காட்சிப் படம் கிடையாது. கிண்ணம் ஐந்து என்றால் ஐந்து கிண்ணம், அவ்வளவுதான். விதிவிலக்கு 1491 அளவில் இத்தாலியில் செய்யப்பட்ட சோலா புஸ்கா என்ற கட்டு. அதன் நிழற்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தன, ஸ்மித்தின் சில படங்களில் அதன் சாயல் அப்படியே தெரிகிறது. ஆனால் கிண்ணம் ஐந்தில் ஓடும் ஆறு, கிண்ணம் எட்டின் இரவுநேர நீர்ப்பரப்பு, கிண்ண அரசன் மிதக்கும் கடல் எல்லாம் 1909இல் பிறந்தவை. பிரான்சில் வழங்கிய பழைய மார்செய் கட்டில் தண்ணீரைத் தேடினால் விண்மீன், நிலவு என்ற இரண்டு துருப்புச் சீட்டுகளில்தான் அது தெளிவாகக் கண்ணில் படும்.

இந்த வேலையைப் பற்றி ஸ்மித் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், வேலையோ பெரிது, காசோ மிகச் சொற்பம் என்று குறிப்பிட்டார். பிறகு பல பத்தாண்டுகள் அந்தக் கட்டு பதிப்பகத்தின் பெயராலும் வெய்ட்டின் பெயராலுமே அறியப்பட்டது. வரைந்தவரின் பெயர் சீட்டின் மூலையில் சுருண்ட கையொப்பமாக மட்டும் கிடந்தது.

எழுதியவரும் வரைந்தவரும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை என்பதற்குக் கிண்ணம் ஒன்று என்ற சீட்டே சாட்சி. மேகத்திலிருந்து நீளும் கையில் கிண்ணம், மேலே புறா, கீழே அல்லி பூத்த நீர்நிலை. கிண்ணத்திலிருந்து நான்கு ஓடைகள் வழிவதாக வெய்ட் விளக்கத்தில் எழுதினார். படத்தில் எண்ணினால் ஐந்து. ஐம்புலன் என்று அதற்கு விளக்கம் சொல்லும் புத்தகங்கள் பிறகு வந்தன. வரையும்போது கை ஒரு கோடு அதிகம் போட்டிருக்கலாம் என்பதும் ஒரு விளக்கந்தான்.

தண்ணீர் எங்கே நிற்கிறது?

"நீர் என்றால் உணர்ச்சி" என்று ஒரே வரியில் முடிப்பது சோம்பேறித்தனம். தண்ணீர் எங்கே இருக்கிறது, அதைத் தொடுபவர் யார், தொடாதவர் யார் என்பதில்தான் இந்தப் படங்களின் பேச்சு இருக்கிறது.

தலைமைப் பூசகி சீட்டில் இரண்டு தூண், நடுவே மாதுளை வரைந்த திரை. திரைக்குப் பின்னால் நீர்ப்பரப்பு சற்றே எட்டிப் பார்க்கிறது. அவளுடைய ஆடையின் கரை கால்மாட்டில் தண்ணீர்போலவே வழிகிறது. மறைத்து வைத்திருப்பது தெரிந்தும் தெரியாமலும் கசிகிறது என்பது படத்தின் சேதி. வாசிப்பவர்கள் இதை ஆழ்மனம் என்பார்கள்.

நிதானம் சீட்டில் தேவதூதர் ஒரு காலை நிலத்திலும் ஒரு காலைக் குளத்திலும் வைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்துக்கு நீரை மாற்றுகிறார். தேநீர்க் கடைக்காரர் ஆற்றுவதுபோல என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள், கருத்தும் ஏறக்குறைய அதுதான்: சூட்டைத் தணித்துப் பதத்துக்குக் கொண்டுவருவது. விண்மீன் சீட்டில் இதே நிலை இன்னும் விரிகிறது. ஆடையில்லாத பெண் இடது முழங்காலை நிலத்தில் ஊன்றி, வலது பாதத்தைத் தண்ணீரின் மேல் வைத்திருக்கிறாள். ஒரு குடத்து நீர் குளத்தில் விழுகிறது, மறு குடத்து நீர் மண்ணில் ஓடுகிறது. பாதம் நீருக்குள் அமிழவில்லை, மேலேயே நிற்கிறது.

கிண்ண அரசியும் அரசனும் தனியாகப் பார்க்க வேண்டிய சோடி. அரசியின் சிம்மாசனம் கரையில் இருக்கிறது, காலடியில் கூழாங்கல். அவள் உற்றுப் பார்க்கும் கிண்ணத்துக்கு மூடி உண்டு. அந்த இனத்தில் வேறெந்தக் கிண்ணத்துக்கும் மூடி கிடையாது. அரசனின் கல் ஆசனமோ கடல் நடுவில் நிற்கிறது, ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் துள்ளும் மீன், சுற்றிலும் அலை. அவர் காலில் நீர் படவில்லை, முகத்திலும் அலை இல்லை. உணர்ச்சியை அடக்கி ஆள்பவர் என்று புகழ்வார்கள். அடக்கி வைத்தே பழகியவர் என்று குறை சொல்வாரும் உண்டு, எனக்கு அது சரியாகவே படுகிறது.

நிலவுச் சீட்டுக்கு வருவோம். பலரைப் பயமுறுத்துவது இதுதான். முன்னால் ஒரு குட்டை, அதிலிருந்து ஓடு போர்த்த பிராணி ஒன்று கரையேறுகிறது. நாயும் ஓநாயும் நிலவைப் பார்த்து ஊளையிடுகின்றன. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே வழி தூரத்துக்குப் போகிறது. கரையேறும் பிராணி ஐரோப்பிய நன்னீர் இறால். நம் கரையில் அதைக் காட்டினால் சிங்கி இறால் என்பார்கள், கிலோ என்ன விலை என்றும் கேட்பார்கள். ஐரோப்பாவின் பழைய ஏடுகளில் கடக ராசியை நண்டாகவும் இப்படி இறாலாகவும் வரைந்திருக்கிறார்கள், கடகம் சந்திரனின் ஆட்சி வீடு என்பது நமக்கும் தெரிந்த கணக்கு. வெய்ட் அதற்கு ஏற்றிய பொருள் வேறு: மனத்தின் அடியாழத்திலிருந்து மேலெழும், பெயரிட முடியாத கொடிய இயல்பு.

இந்தச் சீட்டு கடல் பொங்குவதைச் சொல்லவில்லை என்பதற்கு உலக அறிவும் துணை வரும். நிலவு வற்றுப்பெருக்கை ஆள்வது உண்மை. பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாயில் அதன் ஏற்ற இறக்கம் 10 மீட்டரைத் தாண்டும். இலங்கைக் கரையில் ஒரு மீட்டருக்கும் குறைவு. 2004இன் அலையை எழுப்பியது சுமாத்திராவுக்கு அருகே நிகழ்ந்த கடலடி நிலநடுக்கம். பௌர்ணமியாக இருந்தது தற்செயல்.

கடப்பதற்கு உள்ள நீர்

சில சீட்டுகளில் தண்ணீர் தாண்டப்பட வேண்டிய ஒன்றாக வருகிறது. கிண்ணம் ஐந்தில் கறுப்புப் போர்வைக்காரர் கவிழ்ந்த மூன்று கிண்ணங்களைப் பார்த்துக் குனிந்து நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் இரண்டு கிண்ணம் நிமிர்ந்தே இருக்கிறது. அப்பால் ஆறு, ஆற்றின் மேல் பாலம், அக்கரையில் கோட்டை. மரணச் சீட்டில் குதிரையில் வரும் எலும்புக்கூட்டுக்குப் பின்னால் அமைதியாக ஓர் ஆறும் அதில் ஒரு படகும். பயந்து சீட்டை மூடிவிடுபவர்கள் அந்தப் படகைக் காண்பதில்லை.

இந்த மூன்று சீட்டிலும் வாள் ஆறுதான் கனமானது. படகோட்டி கோல் ஊன்றித் தள்ளுகிறார். முக்காடிட்ட பெண்ணும் பிள்ளையும் முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் நீர் நெளிகிறது, மறுபக்கம் ஓய்ந்திருக்கிறது. ஆறு வாளும் படகின் தட்டிலேயே குத்தி நிற்கின்றன, பிடுங்கினால் ஓட்டை விழும். துயரைக் கூடவே ஏற்றிக்கொண்டு கரை மாறுவது என்று வாசிக்கிறார்கள். புத்தகங்கள் இதைப் "பத்திரமான பயணம்" என்றும் சுருக்கும்.

இந்த மாவட்டத்தில் அந்தச் சுருக்கத்தை அப்படியே சொல்ல நா கூசும். ஆற்றைக் கடத்தும் படகுக்கு இங்கே பெயரே "பாதை". கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும்வரை பாதையில் கடந்ததுதான் வாழ்க்கை. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் மாண்டார்கள். அதே படம் லண்டனில் ஒருவருக்குச் சொல்வதும் கிண்ணியாவில் ஒரு தாய்க்குச் சொல்வதும் ஒன்றாக இருக்க முடியாது. படத்தின் பொருளில் பாதியைப் பார்ப்பவர்தான் கொண்டுவருகிறார்.

நம் தண்ணீர் எங்கே இடறுகிறது

நீரையும் மனத்தையும் சேர்த்துப் பேச நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இரக்கமுள்ளவனை ஈர நெஞ்சுக்காரன் என்கிறோம், மனம் உருகுகிறது, கரைகிறது என்கிறோம். சங்க அகத்திணை இதை அட்டவணையாகவே வைத்திருக்கிறது: கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தலுக்கு இரங்கல், ஆறு பாயும் மருதத்துக்கு ஊடல். டாரட் புத்தகங்கள் எல்லா நீரையும் உணர்ச்சி என்று ஒரே குடத்தில் ஊற்றும்போது, நம் மரபு கடலுக்கு ஒன்று, வயல் நீருக்கு ஒன்று என்று பிரித்துச் சொன்னது. கரையில் தனியே இருந்து மூடிய கிண்ணத்தைப் பார்க்கும் கிண்ண அரசியை நெய்தல் தலைவி என்று கண்டால் படம் இன்னும் நன்றாகத் திறக்கிறது.

இடறும் இடங்களும் உண்டு. முக்கியமானவை இரண்டு.

1. வழிதல். கிண்ண ஒன்று வழிந்தோடுவது அங்கே நிறைவு, அருள். நமக்கு நிறைகுடம் தளும்பாது. வாசலில் மாவிலை வைத்துத் தேங்காய் வைக்கும் குடம் வழியவிடப்படுவதில்லை. வழிகிற கிண்ணத்தைக் கண்டதும் "வீணாகுதே" என்று தோன்றினால் அது பார்ப்பவரின் பிழை இல்லை, வளர்ந்த வீட்டின் பழக்கம்.

2. நீக்குதல். டாரட் படங்களில் நீர் பெரும்பாலும் வைத்திருக்கும், ஒளித்திருக்கும், நினைவு காக்கும். நமக்கு நீர் அகற்றும். வேண்டாத உறவைத் தலைமுழுகுகிறோம், திருந்தாத பிள்ளைக்குத் தண்ணீர் தெளித்துவிடுகிறோம். கோணேசர் கோயில் தீர்த்தத்தின் பெயரே பாவநாசம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை இராவணன் தாயின் இறுதிக் கடனோடு சேர்த்துத்தான் ஐதிகம் சொல்கிறது, ஒவ்வொரு கிணற்றுக்கும் சூடு வேறு. இறந்தவருக்குக் கடன் கழித்து மூழ்கி எழுந்து வந்த ஒருவருக்கு, "உங்கள் சீட்டில் நீர் வந்திருக்கு, பழையதை இன்னும் மனசில வைச்சிருக்கிறீங்கள்" என்று சொன்னால் அந்தப் பேச்சு எங்கும் ஒட்டாது.

காணொளி சொன்னால் என்ன செய்வது

டாரட் சீட்டு எதிர்காலம் சொல்லும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கலைத்துப்போட்ட கட்டிலிருந்து எந்தச் சீட்டும் வரலாம். ஒரு காணொளியை ஆயிரம் பேர் பார்த்தால் ஆயிரம் பேருக்கும் அதே சீட்டுத்தான். படத்தை வைத்துக்கொண்டு தன் மனத்தைத் தானே பார்க்க அது சிலருக்கு உதவுகிறது, அந்த அளவில் அதில் தீங்கு ஒன்றும் தெரியவில்லை. தோணியை இறக்குவதா வேண்டாமா என்ற கேள்வியை அதனிடம் கொண்டுபோனால்தான் வில்லங்கம். "கவனம்" என்றதைக் கேட்டு நல்ல நாளில் தொழில் கெடுவது ஒரு நட்டம். "நல்ல சீட்டு" என்றதைக் கேட்டு வாடைக் காற்றில் கடலில் இறங்குவது மற்றது.

ஒரு வேடிக்கை மட்டும் மிச்சம். அந்த 78 சீட்டிலும் கடல் உண்மையாகவே கொந்தளிக்கும் படம் கிண்ண இனத்தில் இல்லை. அது நாணயம் இரண்டு. ஒருவன் இரண்டு நாணயங்களை மாறி மாறி ஏந்தி ஆடுகிறான், பின்னால் இரண்டு கப்பல்கள் மலைபோன்ற அலைகளில் ஏறி இறங்குகின்றன. அட்டவணைப்படி அது நிலச் சீட்டு. குறி பார்ப்பவர்கள் அதற்குச் சொல்லும் பலன் வரவு செலவு. மண்ணெண்ணெய் விலையையும் வலைக் கடனையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு நிற்கும் தோணிக்காரர் அந்தச் சீட்டுக்கு விளக்கம் கேட்டு யாரிடமும் போக மாட்டார்.